அழகம்மாவுக்குப் போட்ட மாலை

கொட்டகலையில் நான் பஸ்ஸை விட்டு இறங்கியபோது பட்டப்பகல் பன்னிரண்டரை மணி. ஆனால் அன்றைக்கு மூடுபனி எப்படி இருந்தது தெரியுமா? ஒரு கையால் பனியை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு மறு கையால் பஸ் படியைத் தேடித்தான் இறங்கினேன். ரயில்வே ஸ்டேஷனைக் கண்ணால் பார்க்கவில்லை, மோதித்தான் கண்டுபிடித்தேன்.

பனியைப் பற்றித்தான் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறேன். மிச்சத்தைக் குறைத்துத்தான் சொல்லப்போகிறேன். முழுதாகச் சொன்னால் இன்றிரவு நீங்கள் விளக்கை அணைக்க மாட்டீர்கள்.

அது 2002ஆம் ஆண்டு, மாசி மாதம். மழை பொய்த்து, நாடு முழுக்க முறை வைத்துக் கரண்ட் வெட்டிய காலம். எனக்குக் கினிகத்தேனைத் தபால் கந்தோரில் வேலை. முத்திரை குத்துகிற நேரம் போக மற்ற நேரமெல்லாம் கம்ப்யூட்டர் பெட்டிகளைத் திறந்து பார்ப்பேன். இந்த மலைநாட்டில் ஹார்ட் டிஸ்க்கின் வயிற்றுவலியைக் காது வைத்தே சொல்லக்கூடிய ஒரே ஆள் தபால் கந்தோர் சிவசாமிதான் என்று ஊரெல்லாம் ஒரு பேச்சு இருந்தது. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டதும் நான்தான்.

என்னை வரச் சொன்னவன் முத்துலிங்கம். கல்யாண வீடியோ எடுக்கிறவன். கெசட்டில் எடுத்ததைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, வெட்டி ஒட்டி, பாட்டுப் போட்டுக் கொடுப்பதில் அந்தப் பக்கத்தில் அவன்தான் முதல். ஹார்ட் டிஸ்க் டக் டக்கென்று அடிக்கிறது, ஒரே ஒரு கல்யாணத்தை மட்டும் திறக்க முடியவில்லை என்று போனில் சொல்லியிருந்தான். குரலில் என்னவோ இருந்தது. சளித் தடிமன் என்று நினைத்துக்கொண்டேன்.

அவனுடைய ஸ்டூடியோ, ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு பழைய கட்டடம். முன்பு தேயிலைப் பெட்டி அடுக்கி வைத்த இடம். பலகைச் சுவரில் ஊறிப்போன தேயிலை வாசம் எப்போதும் அடிக்கும். அன்றைக்கு அந்த வாசத்துக்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. வாடின செவ்வந்திப் பூ.

என்னைக் கண்டதும் முத்துலிங்கம் பிளேன்டி வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனான். வாங்குப் பலகையில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் மஞ்சள் இன்னும் வெளுக்காத தாலிக்கயிறு. புதுப்பெண் கெசட் வாங்க வந்திருக்கிறாள் என்று எண்ணி ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு மேசைக்கு அடியில் குனிந்தேன்.

பெட்டியின் பக்கப் பலகை ஏற்கெனவே கழற்றியிருந்தது. காதை வைத்தேன். சுழல்கிற சத்தம், பிறகு ஒரு டக். கொஞ்சம் இடைவெளி. மறுபடி ஒரு டக். கேபிள் தளர்ந்திருந்தாலும் இப்படி அடிக்கும், கரண்ட் போதாவிட்டாலும் அடிக்கும். முதலில் சின்ன வியாதியைப் பார்ப்போம் என்று ஸ்விட்சை அணைத்தேன்.

"சார், அத நிப்பாட்டிறாதீங்க."

சத்தமில்லாமல்தான் சொன்னாள். ஆனால் நான் அணைத்து முடித்திருந்தேன்.

"ஏம்மா?"

"எங்கம்மா அதுல இருக்காங்க."

படத்தில் இருப்பதைச் சொல்கிறாள் என்று நினைத்தேன். "அம்மா எங்கயும் போயிட மாட்டாங்க. கேபிள மாத்திட்டு அஞ்சே நிமிசத்துல கூப்பிட்டுர்றேன்" என்று என் வழக்கமான நகைச்சுவையை எடுத்துவிட்டேன். இத்தனை வருஷத்தில் நான் சொன்ன ஆயிரம் பகிடிகளில் திரும்பப் பெற்றுக்கொள்ள நினைக்கிறது அந்த ஒன்றைத்தான்.

பழைய கேபிளை உருவினேன். புதியதை மாட்டினேன். டிஸ்க்கின் முதுகிலிருக்கும் சின்ன ஊசிகள் சரியாக இருக்கின்றனவா என்று டோர்ச் அடித்துப் பார்த்தேன். எல்லாம் சரி.

மேசை மேலிருந்த போன் அடித்தது.

அந்தப் பெண்தான் எடுத்தாள். கேட்டுக்கொண்டே நின்றாள். பிறகு போனைக் காதிலிருந்து எடுக்காமலே என் பக்கம் திரும்பினாள்.

"சார், போடுங்க. அம்மா மூச்சு விடல."

நான் ஸ்விட்சைப் போட்டேன்.

டக். டக். டக். டிஸ்க் சுழலவில்லை.

அணைத்துப் போட்டேன். மறுபடி அதே டக். மூன்றாம் முறையும் போட்டேன். டிஸ்க் ஒரு முனகல் முனகி மெதுவாகச் சுழல ஆரம்பித்தது. பெட்டியின் காற்றாடிக்குள்ளிருந்து சூடான காற்று என் முகத்தில் பட்டது.

திரி கருகின வாசம்.

போனில் ஒரு கிழவியின் குரல் அழுதுகொண்டே என்னவோ சொல்வது எனக்கே கேட்டது. பெண் அப்படியே வாங்கில் உட்கார்ந்துவிட்டாள். "வந்துருச்சாம்" என்றாள்.

முத்துலிங்கம் பிளேன்டியோடு வந்தபோது எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்தான். தேத்தண்ணியை மேசையில் வைத்தான். "நிப்பாட்டிட்டீங்களா அண்ணே" என்று மட்டும் கேட்டான். அதற்குப் பிறகுதான் விஷயத்தைச் சொன்னான்.

அந்தப் பெண்ணின் பெயர் லெட்சுமி. நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துத் தோட்டம். தைமாதம் அவளுக்குக் கல்யாணம். வீடியோ முத்துலிங்கத்தின் கைவேலை. அவன் எடுக்கிற எந்தக் கல்யாணப் படமும் ஒரே மாதிரித்தான் ஆரம்பிக்கும். முதலில் பிள்ளையார். அடுத்தது 'ஆசியுடன்' என்று ஒரு பக்கம். காலமான தாய் தகப்பன் படத்தை நடுவில் வைத்து, சுற்றிச் செவ்வந்தி மாலை போட்டு, கீழே ஒரு குத்துவிளக்கு. அந்த விளக்கின் சுடர் அசையும். இரண்டே வினாடிச் சுடர்தான், திரும்பத் திரும்ப ஓடும். ஆனால் மலைநாட்டிலேயே தன்னிடம் மட்டும்தான் எரிகிற விளக்கு இருக்கிறது என்று அவனுக்குப் பெருமை தாங்காது.

லெட்சுமியின் தகப்பன் ஆண்டியப்பன், தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டினவர், செத்து இரண்டு வருஷம். அவருக்கு ஆயுளில் இருந்தது ஒரே ஒரு படம். கல்யாணமான புதிதில் ஹட்டனில் பெண்சாதியோடு எடுத்தது. அவர் நாற்காலியில், அழகம்மா பக்கத்தில் நின்றபடி. பெண்சாதியை வெட்டி நீக்கிவிட்டு அவரை மட்டும் வைத்திருக்க வேண்டும். அன்றைக்கு நாலு கல்யாண வேலை சேர்ந்திருந்தது, முத்துலிங்கத்துக்குத் தூக்கக் கலக்கம். இரண்டு பேருமே காலமானவர்கள் என்று நினைத்து, சோடியாக உள்ளே வைத்து மாலையைப் போட்டு விளக்கை ஏற்றிவிட்டான்.

உயிரோடு இருக்கிறவளுக்கு.

கெசட்டைத் தோட்டத்து லயத்து வீட்டில் போட்டபோது அந்த ஒற்றை அறைக் காம்பரா நிறைய சனம். அந்தப் பக்கம் வந்தது. அழகம்மாதான் முதலில் சிரித்தாளாம், நான் போறதுக்கு முன்னாடியே பூ வச்சிட்டானுங்களே என்று. அடுத்த நாள் கொழுந்துக்கூடையைத் தூக்க முடியவில்லை. மூன்றாம் நாள் எழும்பவே இல்லை. கழுத்தில் என்னவோ கனக்கிறது, யாராவது இறக்கி வையுங்கள் என்று கையால் தடவிக்கொண்டே கிடக்கிறாளாம். கழுத்தைச் சுற்றி மஞ்சள் மஞ்சளாகத் தடிப்பு.

கெசட்டுகளை எரித்துவிட்டார்கள். தோட்டத்து ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். ஒன்றும் கேட்கவில்லை. தினமும் மத்தியானம் ஒரு கொஞ்ச நேரம் மட்டும் அவள் மூச்சு நின்று நின்று வருவதை லெட்சுமிதான் கவனித்தாள். கொட்டகலையில் கரண்ட் வெட்டுகிற நேரம் அது. விசாரித்துக்கொண்டு நேரே இங்கே வந்துவிட்டாள்.

"இந்தப் பொட்டி நின்னா அந்த வெளக்கு அணைஞ்சிருது சார்" என்றாள் லெட்சுமி. "எரிஞ்சா அம்மா கெடக்காங்க. அணைஞ்சா போயிருறாங்க. ரெண்டும் வேணாம். எங்கம்மாவ அந்த மாலையிலேருந்து வெளிய எடுத்துக் குடுங்க. நாளைக்குப் பதினாறு."

செத்த வீட்டில் ஏற்றிய விளக்கைப் பதினாறாம் நாள் கருமாதி முடிந்துதான் குளிரவைப்பார்கள். கெசட் போட்ட நாளிலிருந்து அவள் எண்ணி வைத்திருந்தாள்.

வேறு நாளாக இருந்தால் நான் சிரித்திருப்பேன். ஆனால் அந்தத் திரி வாசம் இன்னும் என் மூக்கில் இருந்தது.

முத்துலிங்கம் ஓட்டிப் பார்க்கிற சின்னக் கட்டத்தில் அந்தப் பக்கத்தைக் காட்டினான், அதில் மட்டும்தான் அது வரும். சுடர் ஆடியது. தான் வரைந்தபோது விளக்கு நிறைய எண்ணெய் இருந்தது என்று அவன் சொன்னான். நான் பார்த்தபோது எண்ணெய் அடியில் ஒரு நகத்தளவு. சுடர் குன்றிமணி அளவு. படத்தை அழித்தால் மறுநாள் அதே இடத்தில் திரும்பி வந்து நிற்கிறதாம். புதுப் படம் செய்து மேலே வைத்தாலும் அது காணாமல் போகிறது, பழையதுதான் இருக்கிறது. ஆண்டியப்பனுக்கு ஏற்றிய விளக்கு, அதை அவர் விட மாட்டார் போல. ஆகையால் அதே படத்துக்குள்ளேயே கைவைத்து அழகம்மாவை மட்டும் வெட்டி எடுக்க வேண்டும். அதற்குப் படம் முழுதாகத் திறக்க வேண்டுமே.

திறந்து பார்த்தேன். படம் மேலிருந்து கீழாக வரி வரியாக வந்தது. நின்றுகொண்டிருந்த அழகம்மாவின் நெற்றி, கண், வாய். கழுத்து.

டக்.

அங்கேயே நின்றுவிட்டது. பத்துத் தடவை முயன்றேன். பத்துத் தடவையும் கழுத்தோடு சரி.

டிஸ்க்கில் அந்த இடம் தேய்ந்துபோயிருந்தது. படிக்கிற முள் அந்த இடத்துக்கு வந்ததும் தடுக்கி விழுகிறது. இப்படிப்பட்ட டிஸ்க்குக்கு இரண்டு கைமருந்து உண்டு. ஒன்று, குளிரவைத்துப் பார்ப்பது. மற்றது, தலைகீழாகத் திருப்பிப் பார்ப்பது. இரண்டையும் பெட்டியை அணைத்துவிட்டுத்தான் செய்ய வேண்டும் என்று குழந்தைக்கும் தெரியும். எனக்கோ அணைக்க வழியில்லை.

ஓடிக்கொண்டிருக்கிற டிஸ்க்கை ஆணி கழற்றி வெளியே எடுத்தேன். கேபிள் இரண்டும் தொங்கத் தொங்க, கையில் ஏந்தியபடி. சொன்னால் நம்ப மாட்டீர்கள், அது சுடவில்லை. ஆள் உடம்பின் சூடு இருந்தது. உள்ளே சுழல்கிற அதிர்வு என் உள்ளங்கையில் ஏறி இறங்கியது, காய்ச்சல்காரியின் மூச்சு மாதிரி.

மேசையை ஜன்னலோரம் இழுத்து ஜன்னலைத் திறந்துவிடச் சொன்னேன். மூடுபனி நேராக உள்ளே வந்து டிஸ்க்கின் மேல் இறங்கியது. பதினைந்து நிமிஷம். பிறகு இரண்டு கையாலும் பிடித்து, பச்சைக் குழந்தையைக் குப்புறப் போடுகிற மாதிரி, மெல்ல, மெல்லத் திருப்பினேன்.

முத்துலிங்கம் படத்தைத் திறந்தான்.

நெற்றி. கண். வாய். கழுத்து.

தோள்.

முழுப்படமும் வந்துவிட்டது. நான் மூச்சு விடவும் பயந்து டிஸ்க்கைப் பிடித்துக்கொண்டே நின்றேன்.

அவன் மௌஸை எடுத்து அழகம்மாவைச் சுற்றிக் கோடு இழுக்க ஆரம்பித்தான். சேலையின் ஓரம், முழங்கை, கூந்தல். வியர்வை அவன் மூக்கு நுனியிலிருந்து மேசையில் சொட்டியது. அப்போது மணி இரண்டு. கரண்ட் இரண்டரைக்குத்தான் வெட்ட வேண்டும்.

இரண்டு மணிக்கே வெட்டிவிட்டார்கள்.

அறை இருண்டது. மேசைக்கு அடியிலிருந்த யூபிஎஸ் பீப், பீப் என்று கூவத் தொடங்கியது. திரை மட்டும் எரிந்தது. திரைக்குள் அந்தக் குன்றிமணிச் சுடர், இப்போது கடுகளவு.

"இருவது நிமிசம் தாங்குமா?" என்றேன்.

"புதுசுல தாங்குச்சு" என்றான்.

அவன் அழகம்மாவை வெட்டி முடித்தான். அவள் நின்ற இடம் வெற்றிடமாகக் கறுத்தது. நாற்காலியில் ஆண்டியப்பன் தனியாக இருந்தார்.

தனியாக இல்லை.

அவர் தோளில் நாலு விரல் இருந்தது. படம் எடுக்கும்போது அழகம்மா வலக்கையைப் புருஷன் தோளில் வைத்திருக்கிறாள். கையை வெட்டியாயிற்று. விரல்கள் அவருடைய வெள்ளைச் சட்டையோடு ஒட்டிக் கிடந்தன. ஒவ்வொரு விரலாகச் சுரண்டி எடுக்க இன்னும் பத்து நிமிஷமாவது வேண்டும்.

பீப் சத்தம் இடைவெளி இல்லாமல் அடிக்கத் தொடங்கியது. பெட்டரி முடிகிற சத்தம் அது. என் கையில் டிஸ்க் சூடேறிக்கொண்டு வந்தது. உள்ளே ஒரு டக். நான் அசையவில்லை. அதுவாக அடித்தது.

முத்துலிங்கம் திரும்பி லெட்சுமியைப் பார்த்தான். அவளுக்கு விளங்கிவிட்டது. திரையின் கிட்டே வந்து அந்த நாலு விரலையும் பார்த்தாள். கொழுந்துக் கறை ஏறிய விரல்கள். பதினெட்டு வயதில் அந்தப் படத்துக்கு நின்ற தாயின் விரல்கள்.

"வெரலு கெடக்கட்டும்ணே" என்றாள். "ஆள எடுங்க."

அவன் படத்தைப் பதிவு செய்யக் கொடுத்தான். திரையில் நீலக்கோடு ஒன்று ஊர்ந்தது. பாதி. முக்கால். நான் கண்ணை மூடிக்கொண்டேன். என் உள்ளங்கையில் டிஸ்க் ஒரே ஒரு முறை துடித்தது.

பீப் சத்தம் நின்றது.

கண்ணைத் திறந்தேன். திரை கறுப்பு. கோடு கடைசிவரை போயிற்றா என்று முத்துலிங்கத்தைக் கேட்டேன். போனது மாதிரித்தான் இருந்தது என்றான். என் கையில் சுழற்சி மெல்ல மெல்லத் தளர்ந்து, ஓய்ந்து, வெறும் இரும்பாயிற்று.

மூன்று பேரும் அந்தப் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஜன்னலைச் சாத்த யாருக்கும் தோன்றவில்லை. பனி அறைக்குள் முழங்கால் மட்டும் நின்றது. நான் கூட்டவில்லை. பிளேன்டி அப்படியே ஆறிப்போயிருந்தது. லெட்சுமி தாலிக்கயிற்றை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள்.

இரண்டரை தாண்டித்தான் போன் மணி அடித்தது.

லெட்சுமி எடுக்கவில்லை. கை நீட்டினாள், முடியவில்லை. நான்தான் எடுத்தேன். பேசியது அவளுடைய அத்தை ராக்காயி. லயத்து முனையில் கடை வைத்திருக்கிறவள், நோயாளிக்குக் காவலும் அவள்தான்.

"எந்திரிச்சு ஒக்காந்துட்டா சார்" என்றாள் ராக்காயி. "கழுத்துப் பாரம் எறங்கிருச்சாம். பசிக்குதுங்கிறா. பிளேன்டி குடுத்தேன்."

நான் லெட்சுமியைப் பார்த்துத் தலையசைத்தேன். அவள் அப்போதுதான் அழுதாள்.

"ஆனா ஒண்ணு சார்" என்று ராக்காயி குரலைத் தாழ்த்தினாள். "டம்ளர எடது கையால வாங்குறா."

கரண்ட் வந்த பிறகு பெட்டியைப் போட்டுப் பார்த்தோம். டிஸ்க் சுழலவில்லை. கினிகத்தேனைக்குக் கொண்டுபோய் எனக்குத் தெரிந்த வித்தையெல்லாம் காட்டினேன், தெரியாத வித்தையும் காட்டினேன். அது அன்றைக்கே முடிந்த டிஸ்க். அதிலிருந்த விளக்கு, மாலை, ஆண்டியப்பன், நாலு விரல், ஒன்றையும் இனி எந்தக் கம்ப்யூட்டராலும் படிக்க முடியாது. முத்துலிங்கம் அதன் பிறகு 'ஆசியுடன்' பக்கமே போடுவதில்லை. பிள்ளையாரோடு நிறுத்திக்கொள்கிறான்.

நான் அழகம்மாவை நேரில் பார்த்தது ஐந்து வருஷம் கழித்து. கந்தோர் விஷயமாக நோட்டன் பிரிட்ஜ் போனவன், மூக்கு அரித்ததால் அந்த லயத்துக்கும் போனேன். மூன்று மணிக்குக் கடைசி பஸ், அதற்குள் திரும்பிவிடலாம் என்று கணக்கு. வெயில் நன்றாக அடித்தது. காம்பரா வாசலில் உட்கார்ந்து இடக்கையால் அரிசி புடைக்க முயன்றுகொண்டிருந்தாள். நான் இன்னார் என்றதும் எழும்பி நின்று, உள்ளே கூப்பிட்டு, ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள். நல்ல மனுஷி. லெட்சுமிக்கு இரண்டு பிள்ளைகள் என்று சொன்னாள்.

வலக்கையைச் சேலைத் தலைப்பில் சுற்றி மறைத்திருந்தாள். கொழுந்து பறிக்க முடியாது என்று தோட்டத்தில் பெயர் வெட்டிவிட்டார்களாம். முதலில் நாலு விரல்தான் மரத்துக் கிடந்தது. அடுத்த வருஷம் உள்ளங்கை. பிறகு மணிக்கட்டு. ஆஸ்பத்திரியில் நரம்பு செத்துவிட்டது என்று சொன்னார்கள் என்றாள்.

"ஆனா செத்த கை இப்புடி இருக்காதுங்க சார். புடிச்சிப் பாருங்க."

தலைப்பை விலக்கிக் கையை நீட்டினாள். எனக்குத்தான் வாய் நீளமே தவிர நெஞ்சு அவ்வளவு நீளம் இல்லை. ஆனாலும் ஒரு பெண்பிள்ளை கேட்கிறபோது பின்வாங்க முடியுமா? பிடித்தேன்.

குளிர்ந்திருந்தது. விரல்கள் துவண்டு கிடந்தன. ஒரு சதை அசைவும் இல்லை.

பிறகு, மேலாக, என்னவோ எங்கள் இரண்டு கையையும் சேர்த்து மூடியது.

அகன்ற உள்ளங்கை. ஆண் கை. கவ்வாத்துக் கத்தி பிடித்துப் பிடித்துக் காய்த்துப்போன கை. கட்டைவிரல் என் மணிக்கட்டின் மேல் வந்து அழுத்தமாகப் படிந்தது.

நான் குனிந்து பார்த்தேன். அவள் கை இருந்தது. என் கை இருந்தது. வேறொன்றும் இல்லை. கதவு வழியாக வந்த வெயில் எங்கள் கைமேலேயே விழுந்துகொண்டிருந்தது.

இழுத்துப் பார்த்தேன். வரவில்லை.

அழகம்மா என்னைப் பார்க்கவில்லை. தன் வலது தோளுக்குப் பக்கத்தில், ஒன்றுமில்லாத இடத்தை நிமிர்ந்து பார்த்தாள். தினமும் சொல்கிற ஒன்றைச் சொல்வது போல, அலுப்போடு, மெதுவாகச் சொன்னாள்.

"விடுங்க. அவுங்க பஸ்ஸுக்குப் போவணும்."

ஒவ்வொரு விரலாக விட்டது.